பசங்களுக்கு ஃபுட்பால் டீம் நடத்துவது எப்படி: கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களுக்கான முழு வழிகாட்டி

கொங்கு ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரவுண்டுக்குப் போனால் பெரும்பாலும் கிரிக்கெட்தான். ஆனாலும் ஒரு மூலையில் நாலு கோனை வைத்துக்கொண்டு ஃபுட்பால் ஆடும் பசங்க கூட்டம் இப்போது கண்ணில் படுகிறது. கோயமுத்தூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃபுகள் (செயற்கைப் புல் மைதானங்கள்) வந்துவிட்டன. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் (இந்திய கிளப் அணிகளின் தேசிய லீக்) பட்டத்தை எடுத்தது. நம் ஊரிலும் பெரிய ஃபுட்பால் நடக்கும் என்பதைப் பசங்க நேரிலேயே பார்த்தார்கள்.

டீம் ஆரம்பிப்பது கஷ்டமில்லை. அதை மூன்று வருசம் தாண்டி நடத்துவதுதான் கஷ்டம். நான் பார்த்தவரை, பசங்களுக்கு ஆட்டம் பிடிக்காமல் போய் நின்ற டீம்கள் குறைவு. அப்பாவுக்கும் கோச்சுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய், காசுக் கணக்கில் மனஸ்தாபம் வந்து, "என் பையனை ஏன் இறக்கவில்லை" என்று சண்டை வந்து நின்றவைதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பந்தை எப்படி உதைப்பது என்பதைவிட, பெரியவர்கள் எங்கே நிற்பது, என்ன செய்வது, எப்போது சும்மா இருப்பது என்பதுதான் நிறைய வரும்.

1. பந்து வாங்கும் முன் பெற்றோர் கூட்டம்

முதல் பயிற்சிக்கு முன்னாலேயே எல்லாப் பெற்றோரையும் ஒரு தடவை உட்கார வையுங்கள். திருப்பூர் பக்கம் என்றால் சனிக்கிழமை வேண்டாம். பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கி வர ராத்திரி ஆகிவிடும். ஞாயிறு சாயங்காலம் சரியாக இருக்கும். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது அப்பாராகவோ (தாத்தா) அம்மாயியாகவோ (பாட்டி) இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். தினமும் கிரவுண்டில் நிற்கப் போவது அவர்கள்தான்.

கூட்டத்தில் பேச வேண்டியது நாலு விஷயம். மாசம் எவ்வளவு கட்டணம், அது எதற்குச் செலவாகும். யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது என்பதை முடிவு செய்வது யார் (கோச் மட்டும்தான்). மேட்ச்சில் எல்லாப் பிள்ளைக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கும். புகார் இருந்தால் யாரிடம், எப்போது சொல்வது. இந்த நாலையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி ஆளுக்கு ஒரு நகல் கொடுத்து, கையெழுத்து வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது ஆறு மாசத்தில் ஆளுக்கொரு மாதிரி ஞாபகம் இருக்கும்.

பணத்துக்கு ஒரு பெற்றோர் பொறுப்பு, வரவு செலவைச் சரிபார்க்க இன்னொருவர். மாசம் ஒரு தடவை கணக்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை கண்டிப்பாக இருக்கும். அது கோச்சுக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் "பணம் எங்கே" என்று ஒரு தடவை கேட்டால், அது மறுநாள் வராது.

குரூப்பில் நேரம், இடம், போட்டி விவரம் மட்டும் இருக்கட்டும். மேட்ச் முடிந்த அன்றைக்கு ஆட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். புகாரை மறுநாள் கோச்சிடம் நேரில் சொல்லலாம். ஒரு ராத்திரி தள்ளிப் போட்டாலே பாதிப் புகார் தானாகக் கரைந்துவிடும்.

2. கிரவுண்டு

அரசுப் பள்ளி மைதானம் கிடைத்தால் அதுதான் நல்லது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்னென்ன நாள், எத்தனை மணி வரை, கேட் சாவி யாரிடம் என்பது கடிதத்தில் இருக்கட்டும். பி.டி. சாரை விட்டுவிட்டு நேராக மேலே போகாதீர்கள். நாளைக்கு டீமுக்குத் துணையாக நிற்கப் போகிறவர் அவர்தான். டர்ஃப் வசதிதான், ஆனால் மாசக் கட்டணம் ஏறிவிடும். வெயில் நேரத்தில் செயற்கைப் புல் மண்ணைவிட அதிகமாகக் கொதிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கிரிக்கெட் ஆடுகிறவர்களோடு சண்டை வேண்டாம். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குக் காலி செய்துவிடுவோம் என்று பேசிவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

மழை முடிந்த மாசங்களில் நெருஞ்சி படர்ந்திருக்கும். பயிற்சிக்கு முன் இரண்டு பெற்றோர் மைதானம் முழுக்க நடந்து முள், பாட்டில் துண்டு, கல் எல்லாம் பொறுக்கட்டும். கருமண் பூமியில் மழைக்குப் பின் காலை வைத்தால் சேறு அப்பும், காய்ந்தால் வெடிப்பு விடும். வெடிப்பில் கணுக்கால் மடங்குவது சர்வசாதாரணம். அன்றைக்கு வேறு இடம் பாருங்கள்.

இதில் விளையாட்டே கூடாத ஒன்று கோல் போஸ்ட். தூக்கி வைக்கிற இரும்பு போஸ்ட் கவிழ்ந்து பிள்ளைகள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பின்பக்கக் கம்பியைத் தரையில் அறைந்து கட்டுங்கள், இல்லாவிட்டால் மணல் மூட்டை போட்டு அழுத்துங்கள். யாரும் தொங்கக் கூடாது. கட்ட வழியில்லை என்றால் இரண்டு கோனே போதும்.

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த மாசங்களில் தரையோடு தரையாகச் சின்னப் பாஸ் பழக்குங்கள். காற்றே கற்றுக்கொடுக்கும்.

3. வயசுப் பிரிவும் சாமான்களும்

எட்டு வயசு வரை 3-ம் நம்பர் பந்து, பன்னிரண்டு வரை 4-ம் நம்பர், அதற்கு மேல் 5-ம் நம்பர். 5-ம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். அதை எட்டு வயசுப் பிள்ளையிடம் கொடுத்தால் உதைக்கிற முறையே கெட்டுவிடும். சின்னவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, அப்புறம் ஏழுக்கு ஏழு, பன்னிரண்டை ஒட்டி ஒன்பதுக்கு ஒன்பது. பதினொரு பேர் ஆட்டத்துக்கு அவசரம் வேண்டாம். பெரிய மைதானத்தில் ஒன்பது வயசுப் பையனுக்குப் பந்து காலில் படுவதே அபூர்வம்.

ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் தடுப்பு) கட்டாயம், ஆட்ட விதியிலேயே இருக்கிறது. அடியில் குமிழ் வைத்த ஸ்டட் பூட்ஸ் ஆரம்பத்தில் தேவையில்லை. காய்ந்த செம்மண்ணில் சாதாரண கேன்வாஸ் ஷூவே ஓடும். ஜெர்சிக்குத் திருப்பூர் பக்கத்திலேயே இருக்கும்போது ஆன்லைனில் தேட வேண்டாம். பிரின்ட் போடுகிற சின்ன யூனிட்டில் பேசினால் மொத்தமாகச் செய்து கொடுப்பார்கள்.

4. கோச்

நன்றாக ஆடியவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்றில்லை. இந்திய ஃபுட்பால் சம்மேளனம் நடத்தும் டி லைசென்ஸ் (ஆரம்பநிலை கோச் படிப்பு) முடித்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கற்றுக்கொள்ள ஆசையுள்ள பழைய காலேஜ் பிளேயர் ஒருவரைப் பிடித்து, படிப்புக்கான செலவில் ஒரு பங்கை டீமே ஏற்கலாம். ஒரு சோதனை பயிற்சி நடத்தச் சொல்லிப் பாருங்கள். பந்தைத் தவறவிட்ட பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார், ஒல்லியான பையன் பெயர் பத்து நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்ததா, பசங்க எவ்வளவு நேரம் வரிசையில் சும்மா நின்றார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சப்படாமல் விதி வையுங்கள். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புவது கிடையாது, எதுவானாலும் பெற்றோர் இருக்கும் குரூப்பில்தான். வெளியூர் டோர்னமென்ட்டில் தங்கினால் பிள்ளைகள் அறையில் கோச் படுக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பெரியவர் ஒருவர் கட்டாயம். ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற வேலை வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருச போக்ஸோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. அதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். நல்ல கோச் இந்த விதிகளைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்.

5. பயிற்சி

ஒன்றே கால் மணி நேரம் போதும். முதல் கால் மணி உடம்பைச் சூடு பண்ண. ஃபிஃபா 11+ கிட்ஸ் என்ற பயிற்சித் தொகுப்பு ஏழிலிருந்து பதின்மூன்று வயசுப் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதி குறைந்ததாக ஐரோப்பாவில் நடந்த ஆய்வு காட்டியது. அப்புறம் ஆளுக்கொரு பந்து. பின்பு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. கடைசி அரை மணி மேட்ச். தப்புக்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதை நிறுத்துங்கள். ஓட்டத்தை வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, மேட்ச்சில் "ஓடுடா" என்று கத்துவதில் என்ன பயன்?

6. கோட்டருகே

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுமையம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பதினொரு வயசு டிஃபென்டர் ஒருவனைக் கவனியுங்கள். பந்து அவனை நோக்கி உருண்டு வருகிறது. எதிரணிப் பையன் ஐந்தடி தள்ளி. கோட்டருகே இருந்து அப்பா: "அடிச்சு வெளிய விடுடா!" கோச்: "நிறுத்து, நிறுத்தித் திரும்பு!" மாமா: "பாஸ், பாஸ், ரைட்டுல பாரு!" பையனின் கண் பந்தை விட்டு ஒரு நொடி வெளியே வருகிறது, அப்பாவைப் பார்க்கிறான். அந்த ஒரு நொடியில் பந்து காலுக்கு இடையே போய்விட்டது. "என்னடா பண்றே" என்று மறுபடி சத்தம். அடுத்த தடவை பந்து வரும்போது அவன் யோசிக்கவே மாட்டான், கண்ணை மூடிக்கொண்டு தூர உதைப்பான். எந்தப் பிள்ளைக்கும் இயல்பாக வரவேண்டிய பார்த்து, யோசித்து, முடிவெடுக்கும் பழக்கம் இப்படித்தான் போகிறது.

செய்ய வேண்டியது இது. பெற்றோர் எல்லாரும் கோச் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும். கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள். கோலுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அங்கிருந்து கேட்கிற குரல் கோலியை உடைத்துவிடும். ஆட்டத்துக்குள் எதைச் செய் என்று சொல்வது கிடையாது. கை தட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், எதிரணிப் பிள்ளை நல்ல கோல் போட்டால் அதற்கும் தட்டலாம். "பாஸ்", "அடி", "ஓடு" மூன்றும் கோச்சுக்கே கூட அளவோடுதான்.

மாசம் ஒரு மேட்ச்சை மௌன மேட்ச்சாக வையுங்கள். கைதட்டல் மட்டும், பேச்சே இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இளையோர் ஃபுட்பாலில் இதைச் செய்து வருகிறார்கள். இருபது நிமிஷத்தில் ஒரு மாற்றம் கேட்கும்: பசங்க தங்களுக்குள் பேச ஆரம்பிப்பார்கள். "நான் இருக்கேன்", "திரும்பாதே, பின்னால ஆள்", "விடு, எனக்கு". இந்தப் பேச்சை இத்தனை நாளும் நம் சத்தம்தான் அமுக்கி வைத்திருந்தது.

ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒரு பெற்றோருக்கு வெளிப்பக்கப் பொறுப்பைக் கொடுத்து, தெரிகிற மாதிரி ஒரு பிப் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கலர் மேலாடை) மாட்டிவிடுங்கள். கோபமாகக் கத்துகிறவரிடம் எல்லார் முன்னாலும் "சும்மா இருங்க" என்றால் சண்டைதான். பக்கத்தில் போய், "ஏனுங்கண்ணா, வெயிலு கடுமையா இருக்குது, வாங்க ஒரு டீ சாப்பிட்டு வரலாமுங்க" என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார். டீக்கடையில் நின்று பேசிக்கொள்ளலாம். வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ரெஃப்ரியிடம் கேட்க டீமுக்குத் தைரியம் வேண்டும்.

திரும்பி வரும் பைக் பயணத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. தோற்ற பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கோலை எப்படி விட்டான் என்ற ஆராய்ச்சி வேண்டாம். "பசிக்குதா கண்ணு?" போதும். பேக்கரியில் நிறுத்தி ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுங்கள். பேச வேண்டியது இருந்தால் அதுவே பேசும். சில நாள் வீட்டுக்கு வந்து, குளித்து, அரிசிபருப்புச் சாதம் சாப்பிட்டு, படுக்கப் போகிற நேரத்தில்தான் "அப்பா, இன்னிக்கு அந்தக் கோலு..." என்று ஆரம்பிக்கும். அப்போது கேளுங்கள். கேட்பது மட்டும்.

7. மேட்ச் நாள்

பன்னிரண்டு வயசுக்குக் கீழே எல்லாப் பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம். ஃபைனலிலும் இதே விதிதான், ஃபைனலில் மீறினால் பிறகு விதி என்று ஒன்று இல்லை. யார் எத்தனை நிமிஷம் ஆடினார்கள் என்று ஒரு பெற்றோர் நோட்டில் குறிக்கட்டும். "என் பையனை இறக்கவே இல்லை" என்ற சண்டை அந்த நோட்டிலேயே முடிந்துவிடும்.

ரெஃப்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் மேட்ச்சில் விசில் வைத்திருப்பவர் பெரும்பாலும் இருபது வயசு காலேஜ் பையன். ஒரு நாள் படிக்காசுக்காக வந்து, நாற்பது வயசு ஆட்களிடம் ஏச்சு வாங்குகிறான். இரண்டு ஞாயிறு இப்படி நடந்தால் மூன்றாவது வாரம் வர மாட்டான், அப்புறம் மேட்ச் நடத்த ஆளே இருக்காது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீம் கோச்சும் போய் அவனுக்குக் கை கொடுப்பதை வழக்கமாக்குங்கள். 2019-லிருந்து ஆட்ட விதிப்படி கோச்சுக்கும் மற்ற அணி நிர்வாகிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். இது ரெஃப்ரிகளுக்குத் தெரியும் என்பதைக் கோச்சுகளுக்கு முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள்.

டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளைப் பதினோரு மணி வெயிலில் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பொன்னாடையும் பேச்சும் ஃபைனலுக்குப் பிறகு, நிழலில், பத்து நிமிஷத்துக்குள். சின்ன வயசுப் பிரிவுக்கு ரொக்கப் பரிசும் வேண்டாம். அடுத்து சொல்லப் போகும் நோய்க்கு அதுதான் விதை.

8. வயசு மாற்றுவது

"பதினாலு வயசுக்குக் கீழேன்னு ஆட விட்டுரலாமுங்க, சர்டிபிகேட் நான் பாத்துக்கறேன்." இப்படி ஒரு கோச் சொன்னால், அந்த டீமில் உங்கள் பிள்ளையை வைக்காதீர்கள். இதில் சமாதானத்துக்கே இடமில்லை.

இரண்டு வயசு கூடின பையன் பதின்மூன்று வயசுக்காரர்களை உடம்பாலேயே தள்ளிவிட்டு ஜெயிப்பான். பந்தைக் கட்டுப்படுத்தவோ முன்கூட்டிப் பார்க்கவோ அவனுக்குத் தேவையே வராது. பதினெட்டில் மற்றவர்களும் அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள், அவன் கையில் எதுவும் இருக்காது. இன்னொரு பக்கம், நியாயமாக அந்த இடத்துக்கு உரிய ஒரு பிள்ளை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஆட்டத்தை விட்டுவிடுகிறது. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் சோதனை இந்திய அளவிலான போட்டிகளில் இருக்கிறது. அங்கே பிடிபட்டால் கேவலப்படுவது சர்டிபிகேட் தயாரித்த பெரியவர் அல்ல, பொய் என்று தெரியாமலேயே ஓடி வந்த பையன்தான்.

வயசு மாற்றாமலேயே நடக்கும் ஒரு அநியாயமும் உண்டு. வயசுப் பிரிவை ஜனவரி 1 கணக்கில் பிரித்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள், இடையில் ஏறக்குறைய ஒரு வருசம். தேர்வுக்காரர்கள் பெரியவனையே எடுப்பார்கள். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருசத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தேர்வு நாளில் பெயர்ப் பட்டியலில் பிறந்த மாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதப் பிள்ளை கொஞ்சம் தயங்கினால், அதைத் திறமைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள்.

திருப்பூரில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நன்றாக ஆடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாத வீடும் இருக்கும். உத்தேசமாக ஒரு தேதி போட்டுவிடாதீர்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, சொந்த ஊரில் சான்றிதழ் வாங்க அந்தக் குடும்பத்துக்கு உதவுங்கள். டோர்னமென்ட் சீசனுக்கு ஆறு மாசம் முன்பே ஆரம்பித்தால் நடக்கும்.

9. வெயிலும் தலைக்காயமும்

ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, கரூர், சேலத்தில் காலை ஏழரைக்கு மேல் பயிற்சி வேண்டாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர், கேட்காவிட்டாலும். தலைசுற்றல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம் இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் ஜெர்சியை நனைத்து, விசிறி, உடனே 108. ஆட்டத்துக்குப் பின் இளநீர், மோர், வாழைப்பழம், கடலை மிட்டாய் எல்லாம் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. கலர் பாட்டில் பானம் தேவையில்லை.

தலையில் அடி பட்ட பிள்ளை எழுந்து நின்று "ஒண்ணுமில்லீங்க சார்" என்றாலும் அன்றைக்கு மறுபடி இறக்காதீர்கள். தலைவலி, வாந்தி, மயக்கம், நேற்று நடந்தது ஞாபகமில்லாமை, வழக்கத்துக்கு மாறான தூக்கம் எது இருந்தாலும் ஆஸ்பத்திரி. டாக்டர் சொன்ன பிறகுதான் மைதானம். அந்த முடிவு கோச்சுடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தலையால் முட்டப் பழக்குவதும் வேண்டாம். அமெரிக்காவில் 2015-லேயே பத்து வயசு வரை அதை நிறுத்தினார்கள். 2020-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றும் ஆரம்பப் பள்ளி வயசுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து நீக்கின.

10. பெண் பிள்ளைகளும் பப்ளிக் எக்ஸாமும்

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2017-18-லும் 2022-23-லும் தேசிய சீனியர் பட்டம் எடுத்தது. ஆனால் நம் ஊர்களில் பெண் பிள்ளை பன்னிரண்டு வயசுக்கு மேல் கிரவுண்டுக்கு வருவது இன்னும் குறைவு. காரணம் பெரும்பாலும் பிள்ளை அல்ல. உடை மாற்ற இடமில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது, இருட்டிய பிறகு பயிற்சி முடிகிறது, துணைக்கு வர ஆளில்லை. நாலையும் சரி செய்தால் வருவார்கள். காலை நேரப் பயிற்சி, கழிப்பறைச் சாவி, ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து வர ஏற்பாடு. "பொண்ணு கறுத்துப் போயிருவா" என்று சொல்லும் அம்மாயியை ஒரு மேட்ச்சுக்குக் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் பாதி டீம் காணாமல் போகும். முழுக்க நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று ஜூன் மாதமே பெற்றோரிடம் பேசுங்கள். டோர்னமென்ட் வேண்டாம், வாரம் இரண்டு காலை மட்டும் ஒரு மணி நேரம் ஓடி ஆடிவிட்டுப் போகட்டும். பரீட்சைக்கு முந்தின மாசம் அதுவும் வேண்டாம். பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், குரூப்பிலிருந்தும் நீக்காதீர்கள். கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில் கோச்சே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "தம்பி எப்பங்க வர்றான்?" என்று கேட்கட்டும்.